வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள்!

ஒரு தமிழ் நாவலை மின்னூலாக வாங்குகிறீர்கள். அட்டைப்படம் அழகாக இருக்கிறது. எழுத்தாளரோ அம்மா, பாட்டி காலத்திலிருந்தே வீட்டில் பேசப்பட்டவர். விலையும் நூறு ரூபாயைத் தாண்டவில்லை. பணம் கட்டிய அரை நிமிடத்தில் நூல் போனுக்கு வந்துவிடுகிறது. ஆசையாகத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கதாநாயகன் ஏதோ ‘செரன்னரன்’. இரண்டு வரி தள்ளி நாயகி ‘வந்தரள்’.

சொன்னான், வந்தாள் என்ற சொற்கள்தாம் அப்படி ஆகியிருக்கின்றன. பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளில் கொடுத்திருக்கிறார்கள். நைந்த தாளில் ரகரத்தின் அடியில் இருக்கும் சாய்கோடு மங்கிப்போயிருந்தால், எது கால், எது ரகரம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. மனிதக் கண் நொடியில் கண்டுபிடித்துவிடும். அந்த மனிதக் கண்ணுக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, அந்தக் கோப்பை நம்மிடம் விற்றிருக்கிறார்கள்.

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வரத் தொடங்கியது 2016 டிசம்பரில். அதன் பிறகு தமிழ் வாசிப்புக்கு நடந்த நன்மைகள் ஏராளம். சென்னைக்கு வந்துதான் புத்தகம் வாங்க முடியும் என்றிருந்த வாசகர் துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் அதே நாளில் படிக்கிறார். பதிப்பகம் கிடைக்காத புது எழுத்தாளர் தன் நாவலைத் தானே வெளியிடுகிறார். பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மின்னூலே வேண்டாம் என்று சொல்ல வந்த கட்டுரை இல்லை இது. மின்னூலை விரும்பி வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கும் முன்பே, ஐந்து நிமிடத்தில், செலவே இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொம்பு எங்கே போயிற்று?

எழுத்துப்பிழை எல்லாவற்றுக்கும் ஸ்கேனரே காரணமில்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் தமிழ்ப் புத்தகங்கள் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு டிடிபி கடையிலும் ஓர் எழுத்துரு. டிஸ்கி, டேப், டேம் என்று குறியாக்கங்களும் பல. அந்தக் காலத்துக் கோப்புகள் எழுத்தின் வடிவத் துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கிவைத்தன. ‘செ’ வர வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அடுத்து சகரம். யூனிகோடில் வரிசை தலைகீழ்: முதலில் சகரம், பிறகுதான் கொம்பு. தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முன் அச்சான ஆயிரக்கணக்கான நூல்களின் கோப்புகள் பழைய குறியாக்கத்தில் தூங்குகின்றன.

அவற்றை யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் ஏற்றினால், சென்னை ‘ெசன்ைன’ ஆகிறது. கௌரி என்ற பெயர் ‘கெளரி’ ஆகிறது. பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும். உண்மையில் அங்கே கெ தனி எழுத்து, ள தனி எழுத்து. நூலுக்குள் கௌரியைத் தேடினால் ‘இல்லை’ என்றே பதில் வரும். போனை வாசித்துக் காட்டச் சொன்னால் ‘கெ-ள-ரி’ என்று மூன்றாக உடைத்துப் படிக்கும். கண் தெரியாத வாசகர் ஒருவர் அந்த நூலைக் காதால் படிக்க முயன்றால் என்ன பாடுபடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மாதிரியைத் திறப்பது. கிண்டிலில் பெரும்பாலான நூல்களுக்கு ஏறத்தாழ முதல் பத்து சதவீதத்தை இலவசமாகப் படிக்கலாம். கூகுள் பிளே புக்ஸிலும் மாதிரி உண்டு. புத்தகக் காட்சியில் ஒரு நூலை எடுத்தால் பின்னட்டையைப் படிக்கிறோம், நடுவில் பிரித்து இரண்டு பக்கம் பார்க்கிறோம், பதிப்பாண்டைத் தேடுகிறோம். இத்தனை நிதானம் உள்ள நாம், திரையில் மட்டும் அட்டையைப் பார்த்ததும் பொத்தானை அமுக்கிவிடுகிறோம். கிண்டில் நூல்களுக்கு ‘ஒரே அமுக்கில் வாங்கு’ ஏற்பாடு என்பதால், வேண்டாம் என்று மனம் மாறுவதற்கு இடைவெளியே இல்லை.

மாதிரியைத் திறந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பக்கங்களைத்தான் விற்பவர் ஓரளவு திருத்தியிருப்பார். முன்னுரை பளிச்சென்று இருக்கும். கதை தொடங்கியதும் எழுத்துகள் உடையும். மாதிரி முழுவதையும் அணிந்துரையே விழுங்கியிருந்தால், அந்த மாதிரியை வைத்து நூலை எடைபோட முடியாது. மாதிரியின் கடைசிப் பக்கம்வரை போய்ப் பாருங்கள்.

293 அத்தியாயங்கள் இருக்கின்றனவா?

‘பொன்னியின் செல்வன்’ என்று எந்த மின்னூல் கடையில் தேடினாலும் பக்கம் பக்கமாகப் பதிப்புகள் வந்து நிற்கும். முதல் பாகம் மட்டும், ஐந்து பாகமும் சேர்த்து, ‘முழுத் தொகுப்பு’, ‘சிறப்புப் பதிப்பு’ என்று விதவிதமான பெயர்கள். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வெளிவந்தபோது, நாவலைப் படித்தே ஆகவேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் பலர். அவர்களுக்கு எந்தப் பதிப்பு நல்லது என்று சொல்ல யாரும் இல்லை.

இத்தனை பதிப்புகள் வருவதில் சட்டப்படி தவறில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த நாவல் அது. அதை எழுதிய கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் முடியும்வரை காப்புரிமை நீடிக்கும். கல்கி விஷயத்தில் அந்தக் கணக்கு 2014-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியும் இருந்தது. எனவே யாரும் அச்சிடலாம், யாரும் விற்கலாம். ஆனால் விற்பவர் முழுதாகத் தருகிறாரா என்று பார்க்கும் வேலை நம்முடையது.

இந்த நாவலுக்கு அதற்கு எளிய வழி இருக்கிறது. புது வெள்ளத்தில் 57 அத்தியாயங்கள், சுழற்காற்றில் 53, கொலை வாளில் 46, மணிமகுடத்தில் 46, தியாகச் சிகரத்தில் 91. மொத்தம் 293. ‘முழு நாவல்’ என்று விற்கப்படும் மின்னூலின் பொருளடக்கத்தில் இந்தக் கணக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். பொருளடக்கமே இல்லையென்றால் அந்த நூலைத் தொடாதீர்கள். இத்தனை பெரிய நாவலில் பொருளடக்கத்தைத் தொட்டு அத்தியாயத்துக்குப் போக வழியில்லாவிட்டால், வந்தியத்தேவனை எங்கே விட்டோம் என்று விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே நூல் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறதா? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்தவை அவை. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். அந்த முகப்பைச் சிதைக்காமல் வைத்துக்கொண்டு யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அவர்கள் விதித்திருக்கும் ஒரே நிபந்தனை. அந்தக் கோப்பை அப்படியே எடுத்து, உழைத்தவர்கள் பெயரை வெட்டிவிட்டு, ஓர் அட்டையை மாட்டி விலைக்கு விற்பது நிபந்தனையை மீறுவது. வாங்குகிற நாம், யாரோ இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு, அந்த உழைப்பில் பங்கே இல்லாத ஒருவருக்குக் காசு கொடுக்கிறோம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் அரிய பழைய பதிப்புகளும் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ இருக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் தாமாகவே பகிர்ந்த நூல்களை ‘ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்’ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். பழைய நூல் ஒன்றுக்குப் பணம் கட்டும் முன் இந்த நான்கு இடங்களிலும் தேடிவிடுங்கள். அமேசானின் சொந்தப் பதிப்பு விதிகளிலேயே, இலவசமாகக் கிடைக்கும் காப்புரிமை முடிந்த நூலை அப்படியே மறுபடி ஏற்றி விற்கக்கூடாது, புதிய மொழிபெயர்ப்போ குறிப்புரையோ படங்களோ சேர்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. விதி இருந்தும் மறுபதிப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன.

காப்புரிமை முடிந்த நூலுக்குக் காசே கொடுக்கக்கூடாது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை எங்கும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் 2000-இல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு வேறு. கதை முதலில் எந்த இதழில், எப்போது வந்தது, பின்னால் பாடம் எங்கே மாறியது என்று தேடித் தொகுத்த பதிப்பு அது. ஒப்பிட்டுத் திருத்தும் அந்த உழைப்புக்கு விலை உண்டு. உ.வே.சா. 1887-இல் சீவகசிந்தாமணியை ஏடு ஏடாக ஒப்பிட்டு அச்சேற்றிய மரபு நம்முடையது. யார் பதிப்பித்தது, எந்த மூலப் பிரதியிலிருந்து எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லாத மின்னூலுக்கு எதற்காகப் பணம் தருகிறோம் என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

ஐந்து நட்சத்திரம் யாருக்கு?

‘4.6 மதிப்பீடு இருக்கிறதே, நம்பி வாங்கலாம்’ என்று நினைப்பவர்கள் பலர். கடைகள் ஒரே நூலின் அச்சுப் பிரதிக்கும் மின்னூலுக்கும் வந்த விமர்சனங்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவது வழக்கம். அந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் கல்கிக்கு விழுந்தவை, ஜெயகாந்தனுக்கு விழுந்தவை. நீங்கள் வாங்கப்போகும் கோப்புக்கு விழுந்தவை அல்ல. ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ‘பக்கங்கள் விடுபட்டுள்ளன’, ‘எழுத்துப்பிழை அதிகம்’, ‘எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை’ என்ற வரிகள் அங்கேதான் இருக்கும். இணையக் கடைகளின் விமர்சனங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையே வெளியிட்டது. ஆனால் அது கட்டாயமில்லை, விரும்பிய நிறுவனங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது.

எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை என்ற புகார் வருவது ஸ்கேன் நூல்களில். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து, அந்தப் படங்களை வரிசையாகக் கோத்து மின்னூல் என்று விற்கிறார்கள். பெரிய திரையில் எப்படியோ படித்துவிடலாம். ஐந்தரை அங்குல போனில், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்து, நான்காம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவோம். நூலைப் பற்றிய விவரங்களில் கோப்பின் அளவைப் பாருங்கள். படம் இல்லாத முந்நூறு பக்க நாவல் எழுத்தாக இருந்தால் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும். நாற்பது, ஐம்பது எம்பி என்று இருந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பக்கப் படங்களே. கூகுள் பிளே புக்ஸ் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: திரைக்கேற்ப எழுத்து ஓடுமா, அச்சுப் பக்கம் அப்படியே வருமா என்று நூல் விவரத்தில் போட்டிருப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தொல்லை, இயந்திரம் எழுதியதும் இயந்திரம் மொழிபெயர்த்ததும். 2023-இல் அமேசானில் விற்ற காளான் சேகரிப்புக் கையேடுகள் சில செயற்கை நுண்ணறிவு எழுதியவை போலத் தெரிந்தன. அவற்றை நம்பி விஷக் காளானைப் பறித்துவிடாதீர்கள் என்று நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அமேசான் வரம்பு விதித்தது. செயற்கை நுண்ணறிவில் உருவான நூலென்றால் அதை எழுத்தாளர் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிவிக்கப்படுவதில்லை.

தமிழில் இதைக் கண்டுபிடிக்க மாதிரியில் இரண்டு பக்க உரையாடல் போதும். ஒரு வரியில் கணவன் மனைவியை ‘நீ’ என்பான், அடுத்த வரியிலேயே ‘நீங்கள்’ என்பான். டாக்டர் ஒரு பத்தியில் ‘அவர்’, அடுத்த பத்தியில் ‘அவன்’, பக்கம் திரும்பினால் ‘அவள்’. தமிழ் பேசி வளர்ந்த யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். கதையென்றால் காசோடு போயிற்று. சர்க்கரை நோய்க்கு உணவு, குழந்தைக்கு நாட்டு மருந்து என்று உடம்பு சம்பந்தப்பட்ட நூலாக இருந்தால், எழுதியவர் யார், என்ன படித்தவர், வேறு எங்காவது எழுதியிருக்கிறாரா என்று தேடாமல் வாங்குவது ஆபத்து.

சமூக வலைதளங்களில் ‘ஐயாயிரம் தமிழ் நாவல்கள் பிடிஎஃப், வெறும் 99 ரூபாய்’ என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நூல்களும் அந்த மூட்டைக்குள் இருக்கின்றன. அது திருட்டு. பணம் போட்டதும் எண்ணையே பிளாக் செய்துவிடுவதும் உண்டு. அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கினாலும் சொந்தமில்லை

2009 ஜூலையில் அமெரிக்க வாசகர்கள் சிலர் கிண்டிலைத் திறந்தபோது, காசு கொடுத்து வாங்கிய நூல்கள் காணாமல் போயிருந்தன. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. அவற்றை ஏற்றி விற்றவருக்கு அங்கே உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திரும்ப வந்தது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. அப்போதும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நூல்கள் போய்விட்டன. மின்னூலை ‘வாங்குவது’ என்றால் பெரும்பாலும் படிக்க அனுமதி பெறுவதுதான். இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டமே போட்டு, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்று நினைக்கும் நூலை அச்சில் வாங்குவதே என் கட்சி. ஒருமுறை படித்து நகரும் நூல்களுக்கு மின்னூல் மிக நல்லது. மாதச் சந்தா கட்டியிருப்பவர்கள், அந்த நூல் சந்தாவிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எழுத்தாளரோ பதிப்பகமோ பூட்டுப் போடாத இபப் கோப்பாகத் தம் தளத்திலேயே விற்றால், அங்கேயே வாங்குங்கள். கோப்பு உங்கள் கையில் இருக்கும், காசும் நேராக அவர்களுக்குப் போகும்.

ஏமாந்த பிறகு

எல்லாம் பார்த்தும் மோசமான நூல் வந்து சேரலாம். நான் வாங்கிய ஒரு நாவலில் பதினோராம் அத்தியாயம் முடிந்ததும் பதின்மூன்று தொடங்கியது; மாதிரியில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கிண்டில் நூலை வாங்கிய ஏழு நாளுக்குள் ஆர்டர் பக்கத்திலிருந்தே திருப்பித் தரலாம். பத்து சதவீதத்துக்கு மேல் படித்திருந்தால் அந்த வழி அடைபடும். வாடிக்கையாளர் சேவையில் பேசிக் கேட்க வேண்டும். ஆகவே வாங்கிய அன்றே பொருளடக்கத்தையும் சில பக்கங்களையும் பார்த்துவிடுவது நல்லது. நாளைக்கு என்று தள்ளிவைத்த நூல்களில்தான் ஏழு நாள் கடந்துபோகும்.

பதில் வராவிட்டால் சட்டம் இருக்கிறது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவே மனு போடலாம். தொண்ணூறு ரூபாய் நூலுக்கு யார் இத்தனை தூரம் போவார்கள் என்று விற்பவர் நம்புகிறார். குறைந்தபட்சம் முதல் புகாரையாவது பதிவு செய்யுங்கள். தவறான வரியை விரலால் அழுத்திப் பிடித்து, ‘பிழையைத் தெரிவி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிண்டில் அதைப் பதிப்பித்தவரின் கவனத்துக்குக் கொண்டுபோகிறது.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அச்சில் பிழையோடு ஆயிரம் பிரதி வந்துவிட்டால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும். மின்னூலில் திருத்திய கோப்பை நாளைக்கே ஏற்றலாம். ஏற்கெனவே வாங்கியவரின் கருவிக்கும் அது போய்ச் சேர வழி இருக்கிறது. பழைய பேஜ்மேக்கர் கோப்பை மாற்றியில் போட்ட கையோடு, தமிழ் படித்த ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ சம்பளம் கொடுத்து ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். மெய்ப்புப் பார்த்தவரின் பெயரை இரண்டாம் பக்கத்தில் போடுங்கள். எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று ஆண்டோடு எழுதுங்கள். அதற்காக விலை முப்பது ரூபாய் கூடினால் கூடட்டும். அந்த நூலைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.